ஒரு வீட்டுக்கு எத்தனை படங்கள்?

கொழும்புத்துறையில் வீடு கட்ட எண்ணுபவர் முதலில் நாடுவது சாத்திரியாரை. அவர் வந்து நிலையம் எடுத்து, வாசல் எத்திசையை நோக்க வேண்டும், கிணறு எம்மூலையில் அமைய வேண்டும் என்று கூறிச் செல்வார். அடுத்து மேசனார் வந்து கயிறு பிடிப்பார். இவ்விருவருக்கும் இடையே வந்து நிற்கவேண்டியவர் படம் வரைபவர். அவரையோ பலர் மாநகர சபையின் அனுமதிக்காக மட்டுமே தேடிச் செல்கின்றனர். ‘பிளான் பாஸாகிவிட்டது’ என்றதும் படம் அலுமாரிக்குள் போய்விடும். வீடு மேசனாரின் மனத்தில் உள்ளபடி எழும். இவ்வழக்கத்தினால் விளையும் கேடுகள் சிறியனவல்ல.

வீட்டுக்கு வேண்டிய படம் ஒன்றன்று, பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்வது.

காணி எது என்ற கேள்விக்கு விடை சொல்வது நில அளவையாளர் வரைந்த காணிப்படம். பழைய உறுதிகள் பலவற்றில், வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார் காணி என்று எல்லைகள் சொல்லளவில் எழுதப்பட்டிருக்கும். வேலியும் கதிகாலும் நின்ற காலத்தில் அது போதுமானதாயிருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தவரும் வலிகாமத்தவரும் வீடுவாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். அவர்கள் மீண்டு வந்தபோது எத்தனையோ வளவுகளில் வேலியும் இல்லை, கதிகாலும் இல்லை. அந்நிலையில், அளவுகள் குறிக்கப்பட்ட படம் கையில் இருந்தவருக்கு எல்லை காண்பது எளிது. சொல்லெல்லையை மட்டும் நம்பியிருந்தவருக்கு அயலவரின் நினைவே சான்று. நினைவு இருவருக்கு ஒன்றுபோல் இருப்பதில்லை.

அடுத்தது அமைவுப்படம். காணிக்குள் வீடு எங்கே, கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே, மழைநீர் எவ்வழியே ஓடும் என்பவற்றை இது காட்டும். பார்வைக்கு நான்கு கோடுகளே. எனினும் குடாநாட்டில் இதனிலும் முக்கியமான படம் வேறில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கின்றது. கொழும்புத்துறையோ கடலேரியின் கரையிலேயே உள்ளது. மழைநீர் இறங்கும் வெடிப்பின் வழியே கழிவுநீரும் இறங்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

குடிநீர்க் கிணற்றுக்கும் ஊறு குழிக்கும் இடையே 50 அடியேனும் வேண்டுமென்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. வெடிப்பு நிறைந்த பாறையில் அதுவும் போதாமற் போகலாம். இனி வளவைப் பாருங்கள். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. அது சதுரமாக இருப்பின் ஒரு பக்கம் 52 அடியே வரும். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை அதற்கு நேர் எதிர் மூலையிலும் வைத்தால், மூலைவிட்டத்தின் நீளம் 74 அடியாதலின், கணக்கு ஒருவாறு ஒப்பேறும். ஆனால் அந்த எதிர் மூலைக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்குமே! சீதனத்துக்கென்று காணி பிரிந்து பிரிந்து வந்த ஊரில் இது கற்பனையன்று. ஆதலால் அமைவுப்படத்தில் தம் கிணற்றை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் குறிக்கும்படி கேட்டு வாங்குவது உரிமையாளரின் கடமை. இடம் போதாதெனின் கசிவில்லாத தொட்டி கட்டுவதா, பொதுக் குழாய்நீரை நம்புவதா என்பதைக் கிணறு வெட்டுமுன் ஆராயலாம். பின்னர் ஆராய்ந்து பயனில்லை.

மூன்றாவது தளப்படம். பூசணிக்காயைக் குறுக்கே அரிந்து மேலிருந்து பார்ப்பதுபோல, வீட்டை யன்னல் மட்டத்தில் அரிந்து பார்த்தால் தெரியும் தோற்றம் இது. நடுவே முற்றமும் சுற்றிலும் விறாந்தையும் அறைகளும் கொண்ட நாற்சார் வீட்டைக் கட்டிய முன்னோருக்கு இப்படம் தேவைப்படவில்லை. வீடுகள் யாவும் ஒரே முறைமையில் அமைந்தமையால் தச்சரும் மேசனாரும் அதனை மனத்திலே வைத்திருந்தனர். இன்று ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதம். கதவு எப்பக்கம் திறக்கும், கட்டில் எங்கே கிடக்கும் என்பதைத் தளப்படத்திற் போட்டுப் பாராதவர், குடிபுகுந்த அன்று அலுமாரியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைவர்.

வீட்டை நெடுக்கே பிளந்து காட்டுவது வெட்டுமுகப்படம். நிலத்திலிருந்து தளம் எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு, கூரையின் சரிவு எவ்வளவு என்பன இதிலேதான் தெரியும். வைரம் பாய்ந்த பனையிற் சிலாகை அறுப்பவருக்கு நீளம் சொல்வதும் இதுவே. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் குடாநாட்டில் எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது. தள உயரத்தைப் படத்தில் தீர்மானியாமல், கல் மிச்சம் பிடிக்க ஒரு வரியைக் குறைத்துக் கட்டுவதன் விலையை அத்தகைய மாரிகளிலேதான் உணர முடியும்.

முகப்புப்படத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. வீட்டுக்காரர் விரும்பிப் பார்ப்பதும் உறவினருக்குக் காட்டுவதும் அதனையே. யாழ்ப்பாணத்தில் முகப்பால் பெயர்பெற்ற கட்டடம் பொது நூலகம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைவின்படி எழுந்து, 1959 ஆம் ஆண்டு ஒக்டோபர் 11 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. 1981 யூன் முதலாந் திகதி இரவோடிரவாக எரியூட்டப்பட்ட அதனை மீளக் கட்டியபோது பழைய தோற்றமே வேண்டுமென நின்றதிலிருந்து, ஒரு முகப்பு மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பது விளங்கும். ஆயினும் அந்நூலகத்தை அமைக்குங்கால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது. நூல்கள் எங்கே இருக்கும், வாசகர் எங்கே அமர்வர் என்பன முகப்பிலே தீர்மானிக்கப்படுவனவல்ல.

இவற்றுக்கு மேல் அத்திவாரம், தூண், வளை ஆகியவற்றின் கம்பிக் கணக்கைக் காட்டும் அமைப்புப்படம் உண்டு. மேல்மாடி எண்ணம் உள்ளவர் இதனைப் பொறியியலாளரிடமே பெறவேண்டும். கடலேரியை அண்டிய ஈரமண்ணுக்கும் உரும்பிராய்ச் செம்மண்ணுக்கும் ஒரே அத்திவாரம் பொருந்தாது. மின்கம்பி, தண்ணீர்க்குழாய் ஆகியவற்றுக்குத் தனிப்படங்களும், கதவுநிலை, படிக்கட்டு போன்றவற்றுக்குப் பெருக்கிய நுணுக்கப்படங்களும் உள்ளன. தளப்படத்தில் ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றராகச் சுருங்குமாயின், நுணுக்கப்படத்தில் அது ஐந்து சென்ரிமீற்றராக விரியும். தச்சருக்கு அந்த விரிவு வேண்டும்.

நகர எல்லைக்குள் எழுத்துமூல அனுமதியின்றிக் கட்டலாகாது என்பது 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. கட்டி முடிந்ததும் அனுமதித்த படத்துக்கு ஒத்திருக்கிறது என்ற சான்றிதழ் பெறவேண்டும். படம் அலுமாரியிலும் வீடு வேறுவிதமாகவும் நின்றால் இடர் தொடங்குவது இங்கேதான்.

இறுதியாக ஒரு படம் உண்டு; அதனைக் கேட்பவர் மிகக் குறைவு. கட்டும்போது செய்த மாற்றங்களையெல்லாம் திருத்தி, கட்டியவாறே வரைந்த படம் அது. குழாய் எவ்வழி போகிறது, குழியின் மூடி எந்தச் சீமெந்துத் தரைக்குக் கீழே மறைந்தது என்பன அதில் இருக்கும். மேசனாருக்கும் முதுமை வரும். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அவரைத் தெரியாது. அப்படத்தின் பிரதியொன்றை உறுதியோடு சேர்த்து வைத்திருந்தால், இருபது ஆண்டு கழித்துக் குழாய் திருத்த வருபவர் விறாந்தை முழுவதையும் கிளற வேண்டியிராது.