தோட்டா அளவும் ஆட்சியின் அச்சமும்

புசல்லாவைக் காடுகள் கோப்பித் தோட்டங்களான 1840களில், துரைமார் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளாலேயே யானைகளைச் சுட்டனர். தாழ்ப்பாள்போல் இழுத்தியக்கும் ரைபிள் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டைக்கு வந்தது. அதன் தோட்டா அளவை விலங்கின் பருமனே தீர்மானித்தது என்பது துரைமார் மரபுரை. நாம் அதனை ஏற்பதற்கில்லை.

அண்டை நாடான இந்தியாவின் இஷாப்பூர் ஆலையை நோக்குவோம். அங்கு படைவீரனுக்கெனச் செய்யப்பட்ட லீ-என்பீல்ட் .303 தோட்டாவுக்குரியது. அதே இயக்கமைப்பில் குடிமக்களுக்கென உருவான வேட்டை ரைபிளோ .315 அளவினது; அதன் தோட்டா ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் படைத்தோட்டாவின் வழிவந்தது. மானுக்கு இரண்டும் ஒன்றே! படைக்கிடங்கிலிருந்து கசியும் தோட்டா குடிமகனின் ரைபிளிற் பொருந்தலாகாது என்பதே ஆட்சியாளர் கவலை. 1857 எழுச்சியின் பின், 1878 ஆயுதச் சட்டத்தில் வெளிப்பட்ட அதே அச்சம் இது. 1907இல் .450 அளவு இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது துரைமாரும் .470 முதலிய அளவுகளுக்கு மாற நேர்ந்தது. 1947இன் பின்னரும் .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்ட அளவாகவே நீடித்தது, இஷாப்பூரும்.315ஐக் கைவிடவில்லை.