பெட்டியில் வரும் பழ ஒயின்

தலைப்பைப் பார்த்ததும் நம் சங்கத்துப் பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "சங்கப் பத்திரிகையில் போடுகிற விஷயமா இது?" என்றும் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் குடித்தனம் நடத்துகிறார்கள். நாமும் ஓய்வு பெற்ற பிறகு போய் ஐந்தாறு மாதம் தங்கிவிட்டு வருகிறோம். அங்கே நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கண்ணாடிக் குடம் 'பளக், பளக்' என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தால் நமக்குத் திக்கென்று இருக்கும். அது என்ன, அதில் ஆபத்து எவ்வளவு என்பதைத் தெரிந்துகொண்டு பிள்ளைகளிடம் பேசினால் பேச்சில் சூடு குறையும். அதற்காகவே இக்கட்டுரை.

நான் மதுவைத் தொடாதவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வே மின்சாரப் பிரிவில், பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் ஓட வைக்கும் பாட்டரிகளோடு காலம் கழித்தவன். கனடாவில் கால்கரி நகரில் என் மகன் வீட்டில் இந்தச் சாதனத்தைக் கண்டபோது, அதை ஒரு பொறியாளனின் கண் கொண்டுதான் பார்த்தேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கடையில் ஓர் அட்டைப் பெட்டி விற்கிறார்கள். நம் ஊர் மிக்ஸி பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே காய்ச்சிச் சுண்ட வைத்த திராட்சைச் சாறு ஒரு பெரிய பையில். பீச், ஆப்பிள், ஸ்ட்ராபெரி, பிளாக்பெரி என்று ஏதாவது ஒரு பழச்சுவைப் பாகு ஒரு சிறு பையில். 5 கிராம் ஈஸ்ட் பொட்டலம். பென்டோனைட் என்ற களிமண் தூள். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், பொட்டாசியம் சார்பேட் என்ற இரண்டு உப்புகள். கடைசியில் ஒயினைத் தெளிய வைக்க ஒரு மருந்து. இவ்வளவுதான். பக்கெட், கண்ணாடிக் குடம், சைஃபன் குழாய், ஹைட்ரோமீட்டர் ஆகியவற்றை ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வேலை, சுத்தம். எல்லாப் பாத்திரத்தையும் மெட்டாபைசல்ஃபைட் கரைத்த நீரில் அலச வேண்டும். பிறகு பென்டோனைட்டை வெந்நீரில் கரைத்து, சாற்றை ஊற்றி, தண்ணீர் விட்டு ஏறக்குறைய 23 லிட்டராக்க வேண்டும். மேலே ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். மூடியில் 'ஏர்லாக்' என்ற வளைந்த குழாய் இருக்கிறது. அதில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளிருந்து கரியமில வாயு குமிழியாக வெளியேறும். வெளிக் காற்று உள்ளே போகாது. நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கிற வளைவு உண்டல்லவா, அதே தத்துவம்.

ஒரு வாரத்தில் கொதிப்பு அடங்கும். அப்போது அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு, மேலிருப்பதைச் சைஃபன் குழாயால் கண்ணாடிக் குடத்துக்கு மாற்றுகிறார்கள். இன்னும் பத்து நாளில் நொதிப்பு முடிந்துவிடும். பிறகு உள்ளே கரைந்து நிற்கும் வாயு போகும்படி பலமாகக் கலக்கி, மெட்டாபைசல்ஃபைட்டும் சார்பேட்டும் சேர்த்து, அதற்கப்புறம்தான் பழச்சுவைப் பாகை ஊற்றுகிறார்கள். இந்த வரிசை முக்கியம். பாகில் சர்க்கரை இருக்கிறது. சார்பேட் போட்டு ஈஸ்ட் பெருகாமல் தடுத்த பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கி, மூடிய பாட்டிலுக்குள் வாயு நிறைந்து, பாட்டிலே வெடிக்கும். அதேபோல் சல்ஃபைட் போடாமல் சார்பேட் மட்டும் போட்டாலும் கெடுதல்: சில பாக்டீரியாக்கள் சார்பேட்டைத் தின்று, ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற வாடையை உண்டாக்கிவிடும். அதை நீக்க வழியில்லை. 23 லிட்டரும் சாக்கடைக்குத்தான்.

நம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தெளிய வைக்கும் மருந்தாகப் பல பெட்டிகளில் வருவது ஐசிங்கிளாஸ் அல்லது கைட்டோசன். முன்னது மீனின் காற்றுப் பையிலிருந்தும், பின்னது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்தும் எடுப்பது. ஆக, 'வெறும் பழரசம்தானே' என்று சொல்லப்படும் பானம் கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாமல் போகலாம். கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரசிய பாட்டிகளின் வழிவந்த நமக்கு, தெளிய வைக்கும் தத்துவம் புதிதல்ல, பொருள்தான் வேறு.

ஹைட்ரோமீட்டர் சொல்லும் கணக்கு

இந்த வேலையில் எனக்குப் பழகிய கருவி ஒன்று இருந்தது. ரயில் பெட்டியின் லெட் ஆசிட் பாட்டரியில் சார்ஜ் எவ்வளவு என்று பார்க்க ஹைட்ரோமீட்டர் வைத்து அமிலத்தின் அடர்த்தி எண்ணைப் படிப்போம். 1.210 அளவில் நின்றால் பாட்டரி திடமாக இருக்கிறது என்று அர்த்தம். இறங்க இறங்கச் சார்ஜ் போய்விட்டது. ஒயினிலும் அதே கருவிதான். ஆனால் இங்கே எண் இறங்குவதுதான் வேலை நடப்பதற்கு அடையாளம்.

தண்ணீரின் எண் 1.000. சர்க்கரை கரைந்த சாறு அதைவிடக் கனம். பழச்சுவை ஒயின் பெட்டியில் ஆரம்ப எண் 1.050 அளவில் இருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, பாதிக்குச் சற்று மேல் ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு. ஆகவே முடிவில் எண் 0.995க்கு வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.055. இதை 131ஆல் பெருக்கினால் 7.2. அதாவது ஒயினில் ஏறக்குறைய 7 சதவீதம் ஆல்கஹால். பாகு சேர்ந்தபின் இன்னும் சிறிது குறையும். சாதாரணத் திராட்சை ஒயினில் 12, 13 சதவீதம் இருக்கும். பிராந்தி, விஸ்கியில் 40க்கு மேல்.

பழுப்பு நிறக் குடத்தைப் பார்த்து 'ஜூஸ்' என்று எண்ணிப் பேரப்பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கை எழுதுகிறேன். இனிப்பும் பழ மணமும் நாக்கை ஏமாற்றும். பீருக்கு மேற்பட்ட சரக்கு அது.

பழசு என்றால் உசத்தியா?

ஒயின் பழசாகப் பழசாக உயரும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். எல்லா ஒயினுக்கும் அது பொருந்தாது. நாள் தாங்குவதற்கு ஆல்கஹால், புளிப்பு, திராட்சைத் தோலின் துவர்ப்பு ஆகியவை போதுமான அளவு வேண்டும். கனமான சிவப்பு ஒயினில் இவை உண்டு. பெட்டியில் வரும் நல்ல சிவப்பு ஒயினை ஆறு மாதம், ஒரு வருடம் வைத்தால் முரட்டுத் துவர்ப்பு அடங்கி மிருதுவாகும்.

பழச்சுவை ஒயினின் கதை வேறு. அதன் அழகே பழத்தின் புது வாசனை. பாட்டிலில் அடைத்தபின் ஒரு மாதம் வைத்தால் சுவைகள் கலந்து இணங்கும். அதற்கப்புறம் ஏற்றமில்லை. வருடம் ஒன்று தாண்டினால் கார்க் வழியே சிறிது சிறிதாகப் புகும் பிராணவாயுவால் நிறம் மங்கி, மணம் போய், பழைய சர்பத் போல் ஆகிவிடும். வைத்திருக்கும் வரையில் வெளிச்சம் படாமல், 13 டிகிரி செல்சியஸ் அளவில், சூடு ஏறி இறங்காத இடத்தில் வைக்க வேண்டும். கார்க் உலராதபடி பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். கால்கரியின் நிலவறை இதற்கு ஏறக்குறைய ஏற்றது. கோடையில் 45 டிகிரி கொதிக்கும் நம் நகரங்களில் எந்த மூலையில் வைப்பது?

வீட்டுக்குள் எழுந்த கேள்வி

இனி, சொல்லத் தயங்கிய விஷயம். மகன் வீட்டில் அந்தக் குடத்தைக் கண்ட நாள் முதல் என் மனைவி நிலவறைப் படி இறங்கவில்லை. மகனோடு பேச்சும் குறைந்துவிட்டது. அவளுக்குக் காரணம் இருந்தது. ரயில்வே காலனியில் எங்கள் அடுத்த குவார்ட்டர்ஸில் ஒரு ஃபிட்டர் இருந்தார். கைவேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதலில் சம்பள நாள் மட்டும் குடித்தார். பிறகு தினமும். 41 வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு அவர் மனைவிக்கு மனு எழுதியது நான். அந்த மூன்று குழந்தைகளுக்கும் இரண்டு மாதம் சோறு போட்டது என் மனைவி. 'கொஞ்சம்தானே' என்ற வார்த்தையை அவளால் கேட்கவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசினோம். "அம்மா, கையால ஒண்ணு செஞ்சு பாக்கணும்னு ஆசை. மாசம் ரெண்டு பாட்டிலுக்கு மேல நாங்க தொடறதில்ல" என்றான் மகன். "அதை நீ சொன்னா எப்படிடா? கணக்கு சொல்லட்டும்" என்றாள் அவள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். 30 பாட்டிலுக்கும் நம்பர் ஒட்டி, எடுத்த தேதி, எதற்காக, யாருக்கு என்று எழுத வேண்டும். நோட்டு அம்மாவின் கையில். ஐந்து மாதம் கழித்து நாங்கள் கிளம்பும்போது 17 பாட்டில் மீதம் இருந்தது. செலவான 13இல் 5 அக்கம்பக்கத்தாருக்குப் போனவை. என் மனைவிக்கு அந்தப் பானத்தின்மேல் பிரியம் வந்துவிடவில்லை. ஆனால் மகன்மேல் இருந்த பயம் குறைந்தது. வீட்டில் எது இருந்தாலும் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இங்கே செய்யலாமா?

கனடாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் செய்ய அனுமதி உண்டு, விற்கக் கூடாது. இங்கிலாந்தில் 1963இல் வீட்டில் பீர் தயாரிப்பதற்கான கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அமெரிக்காவில் பெரியவர் இருவர் உள்ள வீட்டில் வருடம் 200 காலன் வரை மத்திய சட்டம் அனுமதிக்கிறது.

நம் நாட்டில் மது மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. குஜராத்திலும், 2016 முதல் பீகாரிலும் மதுவிலக்கு. மற்ற மாநிலங்களிலும் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது பொதுவாகக் குற்றமே. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் செய்யும் வழக்கமுள்ள கேரளத்திலேயே 2019 டிசம்பரில் எக்சைஸ் துறை எச்சரிக்கை விடுத்தது. பழைய ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சையும் சர்க்கரையும் கோதுமையும் ஈஸ்ட்டும் போட்டு, மூன்று வாரம் கிளறி ஒயின் செய்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவர்கள் கேக்கோடு நமக்குக் கொடுத்த 'ஜிஞ்சர் ஒயின்' பெரும்பாலும் இஞ்சியும் சர்க்கரையும் காய்ச்சிய பானம்தான். அதில் மது இல்லை. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். ஒயின் வேறு, சாராயம் வேறு. நொதிக்க வைப்பதோடு நிற்பது ஒயின். அதைக் காய்ச்சி வடித்தால் சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். பழச்சாறு நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆகவே பிள்ளை செய்யும் ஒயினால் கண் போய்விடும் என்று நடுங்க வேண்டியதில்லை. அதற்காக அது மருந்தும் ஆகிவிடாது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது வாதாடினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பாட்டிலில் ஆல்கஹால் அளவும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கிறதா? குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டில் இருக்கிறதா? சர்க்கரை வியாதிக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு 'ருசி பாருங்கள்' என்று நீட்டாமல் இருக்கிறார்களா? ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்பது அவர்களுக்குத் தெரியுமா? குடித்தபின் கார் சாவியைத் தொடுவதில்லை என்ற கட்டுப்பாடு வீட்டில் உண்டா? கடைசியாக, எத்தனை பாட்டில் செய்தார்கள், எத்தனை மீதம் இருக்கிறது என்று கேளுங்கள். கணக்குத் தயங்காமல் வந்தால் கவலை குறையும். தயக்கம் தெரிந்தால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அதுதான். ஊர் திரும்பும் நாள் வரை தள்ளிப் போடாதீர்கள்.