முதுகில் விழும் லத்தி

உருளைத் தடியால் ஓங்கி அடித்தால் தோலில் விழுவது ஒரு கோடு அல்ல, இரண்டு. அடி நேராகப் பட்ட நடுப்பகுதி வெளுத்துக் கிடக்கும். அதன் இரு ஓரங்களிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கிழிந்து, தண்டவாளம் போல இரண்டு சிவப்புக் கோடுகள் இணையாக ஓடும். தடயவியல் மருத்துவர்களுக்கு இது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவர்களுக்குப் பழக்கமான இன்னொரு காயம், முன்கையில் அல்னா எலும்பு மட்டும் தனியாக முறிந்திருப்பது. தலைக்கு வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தவருக்கு வருவது அது. கை முறிந்திருந்தால், அவர் அடித்தவரைப் பார்த்தபடி நின்றிருக்க வாய்ப்பு அதிகம். கோடுகள் முதுகிலும் தொடையின் பின்பக்கத்திலும் இருந்தால், அவர் திரும்பி ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், அல்லது குப்புறக் கிடந்திருக்கலாம்.

லத்தியை முறையாகப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு நம் ஊரில் எப்போதும் உடலின் எந்த இடத்தில் அடிக்கலாம் என்பதிலேயே சுற்றுகிறது. தலையில் கூடாது, கழுத்தில் கூடாது, இடுப்புக்குக் கீழே அடி. அவசியமான விதிதான். 1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரனின் உயிரைப் பறித்தது மண்டையில் விழுந்த அடி. ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தலை, தொண்டை, முதுகுத்தண்டு, சிறுநீரகம், வயிறு ஆகிய இடங்களை விலக்கச் சொல்கிறது. ஆனால் அடிபடுகிறவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறார் என்ற கேள்வியை யாரும் அழுத்திக் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆவது பிரிவாக இருக்கிறது. நிர்வாக நடுவரோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாதபோது எஸ்.ஐ.க்குக் குறையாத ஓர் அதிகாரியோ, முதலில் கூட்டத்தைக் கலைந்து போகும்படி ஆணையிட வேண்டும். போகாவிட்டால், அல்லது போக மாட்டோம் என்பதை நடத்தையில் காட்டினால், பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். லத்தி என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. பலப்பிரயோகத்தின் நோக்கம் கூட்டம் கலைவது. தண்டனை தருவது அல்ல. கலைந்து போகத் தொடங்கியவரை அடிப்பதற்கு இந்தப் பிரிவில் இடம் தேடினால் கிடைக்காது.

விவரங்களைத் தருவது 1964இல் காவல்துறைத் தலைவர்கள் மாநாடு ஏற்றுக்கொண்ட மாதிரி விதிகள். குறைந்தபட்ச பலம்தான், ஆபத்து தணிந்தவுடன் அதையும் நிறுத்த வேண்டும். தடியடிக்கு முன் விசில் அல்லது பியூகிள் ஒலியுடன், கூட்டத்துக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை. அடி சதைப்பற்றான இடத்தில் விழ வேண்டும். தலையையும் காறை எலும்பையும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். இவ்வளவும் சரி. அதே விதிகள், கூட்டம் முழுவதுமாகக் கலையும்வரை அடி நிற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. ஒரு கை 'நிறுத்து' என்கிறது, மறு கை 'நிறுத்தாதே' என்கிறது. வெயிலில் மணிக்கணக்கில் பந்தோபஸ்தில் நின்று, கல்லடியும் பட்டிருக்கிற ஒரு கான்ஸ்டபிள் இரண்டில் எதைக் கேட்பார்?

அந்த 'நிறுத்தாதே'வுக்கு மிகக் கொடிய விலை கொடுத்த ஊர் திருநெல்வேலி. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, சிறையில் இருந்தவர்களை விடுவிக்கக் கோரி, ஊர்வலம் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி வந்தது. அங்கே சாலையை ஒட்டி ஓடுவது தாமிரபரணி. தடியடி தொடங்கியதும் மக்கள் ஆற்றுப் பக்கம் இறங்கி ஓடினார்கள், தண்ணீருக்குள்ளும் இறங்கினார்கள். குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கியவர்கள். ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பதிவு செய்திருக்கிறது. இங்கே அடி இடுப்புக்குக் கீழே விழுந்ததா மேலே விழுந்ததா என்று ஆராய்ந்து என்ன பயன்? கலைந்து போகச் சொல்லும் அதிகாரி, போவதற்கு வழி எங்கே என்று முதலில் பார்த்தாக வேண்டும். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் ஆறு, எதிரே லத்தி என்றால் அது கலைப்பதே அல்ல.

2017 ஜனவரி 23 காலை, ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்களை மெரினாவிலிருந்து வெளியேற்றியபோதும் ஒரு கூட்டம் அலையோரம் போய்த்தான் நின்றது. நல்லவேளை, தாமிரபரணி திரும்ப நடக்கவில்லை. 2011 ஜூனில் டெல்லி ராம்லீலா மைதானத்தில், போராட்டத்துக்கு வந்து நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் இறங்கியதை உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து, 2012இல் கண்டித்தது. தூங்கி எழுந்தவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்று புரியவே நேரம் வேண்டும்.

லத்தியே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கூட்டம் காவலரைச் சூழ்ந்து தாக்கும்போது, லத்தி இல்லாவிட்டால் அடுத்து கையில் இருப்பது துப்பாக்கி. தன்னையோ இன்னொருவரையோ தாக்க வருகிறவரின் கையிலும் காலிலும் அடிப்பது நியாயமே. தாக்க வந்தவரும் திரும்பி ஓடத் தொடங்கியபின் அந்த நியாயம் முடிந்துவிடுகிறது. நம் பழைய புறப்பொருள் இலக்கணம் தழிஞ்சி என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது: தோற்றுப் புறங்காட்டி ஓடுகிறவன் மேல் வாளை ஓச்சாத வீரம். அது பகைவனோடு நடத்திய போருக்கான ஒழுக்கம். ஆட்சியரிடம் மனுவோடு வந்தவருக்கு அதைவிடக் குறைவாகவா கொடுப்பது?

காலில்தான் அடித்தார் என்பது எவ்வளவு பலவீனமான சமாதானம் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. 2009 ஏப்ரல் 1, ஜி20 மாநாட்டு எதிர்ப்பு நாள். போராட்டத்துக்குச் சம்பந்தமில்லாத, பத்திரிகை விற்கும் இயன் டாம்லின்சன், பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டபடி போலீஸுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். ஒரு காவலர் பின்னாலிருந்து காலில் தடியால் அடித்து, கீழே தள்ளினார். சற்று நேரத்தில் அவர் இறந்தார். விதிப்படி 'பாதுகாப்பான' இடத்தில் விழுந்த அடிதான் அது.

சதைப்பற்றான இடம் பாதுகாப்பானது என்பதும் பாதி உண்மை. தொடையிலும் பிட்டத்திலும் திரும்பத் திரும்ப அடித்தால் தசை நொறுங்கி, அதிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யக்கூடும். அதனால் எங்கே என்பதோடு எத்தனை என்பதும் கணக்கில் வர வேண்டும். 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்த தந்தைக்கும் மகனுக்கும் நடந்ததை இந்தப் பேச்சில் சேர்க்கவே கூடாது. நிலையத்துக்குள் லத்திக்கு முறையான பயன்பாடு என்று எதுவும் கிடையாது, அது குற்றம். ரோட்டில் ஹெல்மெட் போடாதவரை, ஊரடங்கில் வெளியே வந்தவரை அடிப்பதற்கும் எந்தப் பிரிவும் இல்லை. 2021 ஜூனில் சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில் லத்தியடி பட்ட வியாபாரி இறந்து, சிறப்பு எஸ்.ஐ. கைதானார்.

துப்பாக்கிச் சூடு நடந்தால் எத்தனை தோட்டா சுடப்பட்டது என்று எண்ணிக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தடியடியில் எத்தனை அடி விழுந்தது என்று அப்படி யாரும் எண்ணுவதில்லை. இங்கிலாந்தில் 2017 முதல், தடியை எடுத்த காவலர் ஏன் எடுத்தார் என்று படிவம் எழுதுகிறார். தொகுத்த எண்ணிக்கை வெளியாகிறது. இங்கே தடியடிக்கு உத்தரவிட்ட அதிகாரி ஒரு பக்கம் எழுதினால் போதும்: எச்சரிக்கை எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் வழி திறந்திருந்தது, எப்போது நிறுத்தச் சொன்னார். 1964 விதியின் அந்த 'முழுவதுமாகக் கலையும்வரை' என்ற வாசகத்தையும் எடுத்துவிட வேண்டும்.

டாம்லின்சனை அடித்த காவலர் முகத்தை மறைத்திருந்தார், தோளில் எண்ணும் இல்லை. வழிப்போக்கர் ஒருவர் எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அவர் சிக்கியிருப்பாரா என்பது சந்தேகமே. நம் கலவரத் தடுப்புப் படையினரின் கவசத்துக்குள் பெயர் வில்லை மறைந்துபோகிறது. ஹெல்மெட்டின் முன்னும் பின்னும் பெரிதாக ஓர் எண் எழுதச் சட்டத் திருத்தம் தேவையில்லை. டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சம் பெயின்ட்டும் போதும்.