லிட்டில் பில்லிடம் பொய் செல்லாது

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 1992-இல் வெளிவந்த வெஸ்டர்ன் படம் 'அன்ஃபர்கிவன்'. அதில் வரும் ஷெரீஃப் லிட்டில் பில்லிடம் எந்தப் பொய்யும் எடுபடாது. இங்கிலிஷ் பாப் என்ற துப்பாக்கி வீரனைப் புகழும் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதை எழுதியவரிடமே குட்டை உடைக்கிறார். ஒரு மதுக்கடையில் பாப்புடன் மோதிய, இரட்டைத் துப்பாக்கிக்காரன் எனப்பட்ட எதிராளியிடம் இருந்ததே ஒரு துப்பாக்கிதான். அவன் பதற்றத்தில் தன் கால்விரலையே சுட்டுக்கொண்டான். பிறகு துப்பாக்கி கையிலேயே வெடித்தது. போதையில் குறி தவறிய பாப், நடந்துபோய் அவனைச் சுட்டுக் கொன்றான். லிட்டில் பில் அன்று அதே மதுக்கடையில் இருந்தவர்! இத்தனை கூர்மையானவரே ஈவிரக்கமற்றவரும்கூட; பாத்திரத்தின் பலமே அதுதான். நடித்த ஜீன் ஹேக்மேனுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது.