இன்டர்ஃபேஸும் வகைப் பெயரும்

இரண்டு பொருள்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லத் தெரிந்தால் போதும். எந்தப் பட்டியலையும் கணிப்பொறி வரிசைப்படுத்திவிடும். ஜாவா மொழியில் இதற்கென உள்ள இன்டர்ஃபேஸின் பெயர் ‘கம்பேரபிள்’. அதில் இருப்பது ஒரே ஒரு மெத்தட்தான்.

1998-இல் ஜாவா 1.2 பதிப்புடன் அது வந்தபோது அந்த மெத்தட் எந்தப் பொருளையும் ஏற்றுக்கொண்டது. மாணவரைப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொன்னாலும் கம்பைலர் வாய் திறக்காது. நிரல் ஓடும்போது, உள்ளே புத்தகத்தை மாணவராகக் கொள்ள முயன்று, பிழை காட்டி நின்றுவிடும். அதற்குள் நிரல் பிறர் கைக்குப் போயிருக்கும்!

2004-இல் வெளியான ஜாவா 5 இக்குறையைப் பெரும்பாலும் போக்கிற்று. இன்டர்ஃபேஸின் பெயரை அடுத்துக் கோண அடைப்புக்குள் வகையின் பெயரையும் எழுதலாம் என்றாயிற்று. ‘மாணவர்’ என்று எழுதிவிட்டால் அந்த மெத்தட் மாணவரை மட்டுமே ஏற்கும். புத்தகத்தைக் கொடுத்தால் கம்பைலரே தடுத்துவிடும். வரிசைப்படுத்தும் நிரலையோ ஒருமுறை எழுதினால் போதும். மாணவராயினும் புத்தகமாயினும் அதுவே பயன்படும்.

எனினும், பழைய நிரல்களோடு ஒத்துப்போகும் பொருட்டு, சரிபார்த்தபின் அவ்வகைப் பெயரைக் கம்பைலர் நீக்கிவிடுகிறது. ஆதலால் ஒரே கிளாஸ் இந்த இன்டர்ஃபேஸை இரண்டு வகைகளுக்கு ஏற்க இயலாது. சி ஷார்ப் மொழியில் இயலும்.

வகைப் பெயரை எழுதாமல் விட்டாலும் ஜாவா தடுப்பதில்லை. வரிசைப்படுத்தச் சொல்லும் இடத்தில் ஓர் எச்சரிக்கை தருவதோடு சரி. செய்முறை வகுப்பில் நம்மில் பலர் அதைப் படிப்பதே இல்லை. மதிப்பெண் பட்டியலுக்கான நிரலென்றால், அது நிற்பது தேர்வு முடிவு வரும் நாளாகவும் இருக்கலாம்.