கடித்தது எங்கள் வீட்டு நாய்

"இன்று நாய்க்கடியைப் பற்றிப் பேசுவோம்" என்று ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் சொன்னதுதான் தாமதம், அழைப்புகள் குவிந்துவிட்டன. ஜாசினிலிருந்து பேசிய ஒருவர், பிள்ளையை டியூஷனுக்கு நடத்தி அனுப்பவே பயமாக இருக்கிறது என்றார். அலோர் காஜாவிலிருந்து ஓர் அம்மா, "எங்க நாய் ஒண்ணும் செய்யாதுங்க, சும்மா குரைக்கும், அவ்வளவுதான்" என்றார். நான் சிரித்துச் சமாளித்துவிட்டுப் பாடலைப் போட்டுவிட்டேன்.

அன்று நேயர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் அப்படிச் சொன்ன அதே நாய், பிறகு ஒரு சிறுவனின் கையைக் கடித்துக் குதறியது. இன்று அதை எழுதிவிடுகிறேன்.

லயத்து நாயும் தாமான் நாயும்

நான் பிறந்து வளர்ந்தது ஜாசின் மாவட்டத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். லயத்தில் இருபது வீடு இருந்தால் பத்து நாயாவது இருக்கும். மணி, கறுப்பன், டைகர் என்று பெயர்கள். எது யார் வீட்டு நாய் என்று கேட்டால் சொல்லிவிடுவோம். ஆனால் சாப்பாடு எல்லா வீட்டிலும்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களின் பின்னாலேயே ஓடும். பள்ளிப் பேருந்து வரும்வரை எங்களோடு நிற்கும். யாரைப் பார்த்துக் குரைக்கலாம், யாரைப் பார்த்து வாலாட்டலாம் என்பது அவற்றுக்குத் தெரியும். ஏனென்றால் நாள் முழுக்க மனிதர்களுக்கு நடுவில்தான் கிடந்தன.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி கிடையாது, கருத்தடை கிடையாது. குட்டி போட்ட நாயிடம் கடி வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் பதினைந்து கிலோ லயத்து நாய் கடிப்பதும், ஐம்பது கிலோ நாய் கடிப்பதும் ஒன்றல்ல.

அப்பா ஓய்வு பெற்றதும் டுரியான் துங்காலில் ஒரு தாமானுக்குக் குடிவந்தோம். வரிசை வீடு, முன்னால் கார் நிறுத்தும் இடம், தானியங்கிக் கதவு. பக்கத்துத் தெருவில் திருடன் புகுந்ததாகக் கேள்விப்பட்டதும், தம்பி ஒரு ராட்வைலர் குட்டியை வாங்கி வந்தான். ராக்கி என்று பெயர் வைத்தோம். முதல் ஆறு மாதம் தெருப் பிள்ளைகள் எல்லாம் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்தார்கள்.

இரண்டு வயதில் அது தம்பியையே இழுத்துக்கொண்டு போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. தம்பிக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நான் கோலாலம்பூரில். எழுபதை நெருங்கும் அப்பாவால் அதைப் பிடித்து நடக்க முடியாது. ஆக, ராக்கி நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தது. மோட்டார் சைக்கிள் போனால் குரைக்கும், தபால்காரர் வந்தால் கம்பியில் பாயும். நாங்கள் அதைப் பெருமையாகப் பேசினோம். "திருடன் கிட்ட வர மாட்டான்!"

கதவைத் திறந்தது நான்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தம்பி ராக்கியைக் குளிப்பாட்டுவதற்காகச் சங்கிலியை அவிழ்த்திருந்தான். அது தெரியாமல், காரை வெளியே எடுக்க நான் கதவின் பொத்தானை அழுத்திவிட்டேன். எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. எங்கள் வாசலில் விழுந்த பூப்பந்தை எடுக்கக் குனிந்திருந்தான்.

சில வினாடிகள்தான். தம்பி பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான், அப்பா வாளித் தண்ணீரை ஊற்றினார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருந்தது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். அழுதுகொண்டிருந்தவனைக் குழாயடியில் உட்கார வைத்து, சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிய பிறகுதான் காரில் ஏற்ற விட்டார். கையில் பதினான்கு தையல்.

மருத்துவமனை நாற்காலியில் பையனின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. நெடுநேரம் கழித்து, "அக்கா, நாய்க்கு லைசென்ஸ் இருக்கா? ஊசி எல்லாம் போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். லைசென்ஸ் இல்லை. குட்டியாக இருந்தபோது போட்ட ஊசியின் அட்டை ஒன்றுதான் இருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம் ஒலிவாங்கி முன் பேசிப் பிழைக்கிறவள் நான். அந்த இரண்டு கேள்விக்கு என்னிடம் வார்த்தை இல்லை.

ராக்கியைப் பத்து நாள் தனியே அடைத்துக் கண்காணித்தோம். நோய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைக் கடித்த பெரிய நாயை ஏற்றுக்கொள்ள யாரும் முன்வரவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை ஜன்னல் பக்கம்கூட வரவில்லை. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஊசி போடும்போது தம்பிதான் அதன் தலையை மடியில் வைத்திருந்தான். தவறு எங்களுடையது, உயிரைக் கொடுத்தது அது.

சட்டம் என்ன சொல்கிறது?

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் பட்டியலில் பிட்புல் வகைகள், ஜப்பானிய தோசா, அகிதா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, நியாபொலிட்டன் மாஸ்டிஃப், அமெரிக்கன் புல்டாக் ஆகியவை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டவை. ராட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் மாஸ்டிஃப், புல் டெரியர் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. நாய் வளர்க்க உரிமம் கொடுப்பது உள்ளாட்சி மன்றம். மலாக்காவில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது மாநகர மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். வீட்டுக்கு எத்தனை நாய், எந்த வகை என்ற விதிகளை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாத அலட்சியத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே இனப் பெயர் எதுவும் இல்லை. கேள்வி உரிமையாளரை நோக்கித்தான்.

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் மறுபக்கத்தைச் சொல்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்த ராக்கியை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன்.

இனமா, வளர்ப்பா?

2012 மே மாதம் சுபாங் ஜெயாவில் காலையில் மெதுவோட்டம் சென்ற 74 வயது முதியவர் ஒருவர், பிட்புல் நாய் தாக்கி உயிரிழந்தார். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள் அவள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இந்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

உலகமும் இதில் ஒரே கருத்தில் இல்லை. பிரிட்டன் 1991 முதல் சில இனங்களைத் தடை செய்து, அண்மையில் எக்ஸ்எல் புல்லியையும் பட்டியலில் சேர்த்தது. நெதர்லாந்தோ பிட்புல் தடையை 2008-இல் விலக்கிக்கொண்டது. நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர், ஆபத்தான இனம் எனப் பட்டியலிட்ட நாய்களை வெளியே கொண்டுவந்தால் கயிறும் வாய்க்கூடும் கட்டாயம் என்கிறது.

"இனம் முக்கியமில்லை, வளர்ப்புதான் எல்லாம்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த நாயும் கடிக்கலாம். ஆனால் ராட்வைலரின் தாடைக்கு ஒரு தவறு போதும். ஜெர்மனியில் கால்நடைகளை ஓட்டிச் செல்ல உருவான நாய் அது. வேலையும் நடையும் அதன் இரத்தத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வரிசை வீட்டு வாசலில் கட்டிப்போட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கப் பழக்கினோம். இனம் தந்தது பலம். அதைக் கோபமாக மாற்றியது நாங்கள்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

இப்போது யாராவது பெரிய நாய் வாங்கப்போவதாகச் சொன்னால், நான் இவற்றைத்தான் கேட்கிறேன்.

வீட்டில் ஆகப் பலவீனமானவரால் அந்த நாயைக் கயிற்றில் பிடித்து நிறுத்த முடியுமா? தினமும் இரண்டு முறை நடத்திப்போக யாருக்கு நேரம் இருக்கிறது? உரிமம், தடுப்பூசி, கருத்தடை, பயிற்சி எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியாயிற்றா? கதவு திறக்கும்போது நாய் வெளியே பாயாதபடி உள்ளே இன்னொரு தடுப்பு இருக்கிறதா? அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

கடைசிக் கேள்வியை நாம் அதிகம் மறக்கிறோம். மலாய்க் குடும்பங்களும் சேர்ந்து வாழும் தாமான்கள் நம்முடையவை. நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களின் சமய முறை. நம் நாய் கடிக்காவிட்டாலும், ஓடிப்போய் நக்கினாலே அவர்களுக்குச் சங்கடம்தான். அதை மதிப்பதும் நாய் வளர்ப்பில் சேர்த்திதான்.

யாரையாவது நாய் கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு தேடி ஓடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் உயிர்களைப் பறித்து வருகிறது. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

அந்தப் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் "ஆன்ட்டி" என்று கையசைப்பான். முழங்கைக்குக் கீழே தழும்பு தெரியும். போன மாதம் பார்த்தேன், எதிரே ஒரு சின்னஞ்சிறு நாய் வந்தது. பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டுச் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டான். அது கடந்து போகும்வரை நானும் அவனோடு அங்கேயே நின்றேன்.

தம்பி மறுபடியும் நாய் வளர்க்க ஆசைப்படுகிறான். அந்த ஐந்து கேள்விகளையும் எழுதி அவனுக்குப் புலனத்தில் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.