கரையோரப் போரில் விரைவுப் படகுகள்: இலங்கைக் கடற்பரப்பை முன்வைத்து

முன்னுரை

கடற்போர் வரலாறு பெரும்பாலும் பெருங்கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும், 1918 ஜூன் 10 அன்று ஏறத்தாழ 20,000 டன் எடையுள்ள ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கப்பலான செண்ட் இஸ்த்வான், இத்தாலியச் சிறுபடகு ஒன்று ஏவிய டார்பீடோக்களால் மூழ்கியது. கரையோரப் போரில் பருமனைவிட விரைவே வலிமை என்பதை இந்நிகழ்வு உணர்த்திற்று. இலங்கை உள்நாட்டுப் போரில் இவ்வுண்மை புதிய வடிவம் பெற்றதை இக்கட்டுரை விளக்குகிறது.

டோராப் படகுகள்

பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. மணல் திட்டுகள் நிறைந்தது. பெரிய போர்க்கப்பல்கள் அங்கு எளிதில் இயங்க இயலாது. எனவே 1980களில் இலங்கைக் கடற்படை இசுரேலிடமிருந்து டோரா வகைப் படகுகளை வாங்கியது. இவை 20 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடையவை. விரைவு கூடும்போது இவற்றின் அடிப்பகுதி நீரைப் பிளந்து செல்லாமல் நீரின் மேலெழுந்து வழுக்கிச் செல்லும். நீரின் தடை குறைவதால் விரைவு மிகுகிறது. பின்னர் வந்த சூப்பர் டோராப் படகுகள் மணிக்கு 40 கடல் மைலுக்கு மேல் செல்லவல்லவை.

திரள் உத்தி

கடற்புலிகள் இவற்றை எதிர்கொள்ள, கண்ணாடியிழையாலான சிறுபடகுகளைத் திரளாகச் செலுத்தினர். அவற்றினிடையே வெடிமருந்து நிரப்பிய தற்கொலைப் படகுகளும் வந்தன. எப்படகு வெடிக்கும் என்பதை டோராவில் இருப்போர் நொடிகளில் கண்டறிய வேண்டியிருந்தது. விரைவு மட்டுமே போதாத நிலை இவ்வாறு உருவாயிற்று.

2005இல் கடற்படைத் தளபதியான வசந்த கரன்னகொட காலத்தில், இலங்கைக் கடற்படை எதிரியின் உத்தியையே மேற்கொண்டது. உள்நாட்டில் கட்டப்பட்ட ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ள 'ஏரோ' படகுகள் அணியணியாகச் செலுத்தப்பட்டன. திரளைத் திரளால் எதிர்கொள்ளும் இம்முறை கடற்போரின் போக்கை மாற்றிய காரணிகளுள் ஒன்றாயிற்று.

மீனவர் மீதான தாக்கம்

கண்ணாடியிழை உடலும் வெளிப்பொருத்து இயந்திரமும் போர்ப்படகுக்கு மட்டும் உரியவை அல்ல. மீன்பிடிப் படகுக்கும் அவையே அடிப்படை. தொலைவிலிருந்து நோக்குவோருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இதனால் வட இலங்கையில் மீன்பிடி நேரம், எல்லை, இயந்திரத் திறன் ஆகியன கட்டுப்படுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 1994இல் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கப்பட்டது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தோர் 'குபேர்' என்னும் மீன்பிடிப் படகைக் கைப்பற்றியே வந்தனர். அதன்பின் இந்தியக் கரையோரமெங்கும் மீனவருக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. கேளம்பாக்கத்தை அடுத்த கோவளம் போன்ற மீனவச் சிற்றூர்களும் இக்கண்காணிப்பு வளையத்திற்குள் அடங்குவனவே.

முடிவுரை

சிறுபடகின் ஆற்றல் அதன் விரைவிலும் எண்ணிக்கையிலும் மட்டுமன்றி, பிற படகுகளிடையே கலந்து மறையும் தன்மையிலும் உள்ளது. அம்மறைவின் விலையைப் போரிடாத மீனவரே தருகின்றனர். ஆகவே கரையோரப் போர் பற்றிய ஆய்வுகள் படைக்கலன்களோடு நின்றுவிடாமல், நெய்தல் நில மக்களின் வாழ்வையும் தம் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும்.